காணாமல் போன நாலரை அடி

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன். என் இடுப்பு வலி குறையவில்லை. வகுப்பில் உட்காராமல் நின்றபடியே பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் அதைக் கண்டிப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு உதவி வேண்டும். நம் கோயில் பங்குக்கு நூறு வருஷம் ஆகிறதாம். புதுக்கோயில் குழுவினர் புத்தகம் போடுகிறார்கள். நான் சரித்திர வாத்தியார் என்பதால் பழைய கோயிலின் வரலாற்றை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். விற்ற பிறகு அது மெத்தைக் கம்பெனி ஆகிவிட்டதே, உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது, நீளம் எவ்வளவு என்று எனக்கு யார் சொல்வார்கள்? தினமும் அதற்குள் போய்வருகிறவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

குழுவின் செயலாளர் சில வரிகளைத் தானே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார். அதில் ஒன்று இது: ‘இடம் மாறிய சமயத்தில் கோயில்பிள்ளையின் கவனக்குறைவால் ஞானஸ்நானப் பதிவேடு தொலைந்துபோயிற்று.’ அந்தக் கோயில்பிள்ளை என் அப்பா என்று தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறார். முப்பத்திரண்டு வருஷம் அந்தக் கோயிலில் மணி அடித்தவர், விளக்கு ஏற்றியவர். ஊர்ப் பிள்ளைகளின் பிறப்பெல்லாம் எழுதிய அந்தப் பதிவேட்டைக் கைக்குழந்தை போலத் துணியில் சுற்றி வைத்திருந்தவர். அவரை இந்த ஒரே வரியோடு நான் அச்சில் ஏற்ற வேண்டுமாம். வேறு ஏதாவது ஆதாரம் கிடைத்தால் அந்த வரியை அடித்துவிடுவேன். மே மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

உங்கள் கொழுந்தன்


ஜனவரி 27

வாத்தியார் தம்பிக்கு அண்ணி எழுதிக்கொள்வது,

நான், என் தையல் மிஷின், பஞ்சு மூட்டை, இன்னும் ஒரு ஆள், நாலு பேரும் நலம். அந்த ஆள் யார் என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. ‘நீங்கள் ஒருவர்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சரித்திரம் படித்தவருக்குக் கணக்கு கொஞ்சம் பலவீனம் போலிருக்கிறது. ஒன்பது வருஷமாக என்னோடு ஒரே குடையில் இன்னொருவரும் அதே கம்பெனிக்கு வருகிறார். உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்தவர்.

அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது ‘அப்பா முழங்கால் போட்ட தரையில நீ பஞ்சு அடிப்பியா’ன்னு கேட்டுவிட்டு நீங்கள் வண்டி ஏறினீர்கள். அன்றைக்கு உங்கள் அண்ணன் பதில் சொல்லவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். நான் மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எழுத்து கோணலாக இருந்தால் தாளைச் சாய்த்துப் படியுங்கள்.

பீடம் இருந்த மேடையில் இப்போது கம்பெனியிலேயே பெரிய கட்டில் கிடக்கிறது. வருகிறவர்கள் மூன்று படி ஏறிப் போய்ப் பார்ப்பார்கள், உட்கார மட்டும் மாட்டார்கள். போன வாரம் ஒரு பெரியம்மா மெத்தையை அமுக்கிப் பார்க்கக் குனிந்தவர் அப்படியே சிலுவை போட்டுக்கொண்டார். முதலாளி, ‘அவ்வளவு நல்ல மெத்தையாம்மா’ என்று கேட்டார். ஞானஸ்நானத் தொட்டியில் நூல்கண்டு. நாம் பாவத்தைச் சொன்ன அந்தப் பாவசங்கீர்த்தனப் பெட்டியை வாசல் பக்கம் நகர்த்தி பில் போடும் இடமாக்கிவிட்டார்கள். சாமியார் உட்கார்ந்த இடத்தில் முதலாளி உட்காருகிறார். வலைக்கு இந்தப் பக்கம் நின்று நாம் என்ன சொன்னாலும் நம்பமாட்டார், அது ஒன்றுதான் வித்தியாசம்.

முன்பெல்லாம் அங்கே இருமினால் மூன்று தடவை கேட்கும். இப்போது கூப்பிட்டாலே கேட்பதில்லை. குரல் நேராக மெத்தையில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

நீளம் அளந்தாயிற்று. எங்கள் டெலிவரி வண்டி டிரைவரிடம் இரும்பு டேப்பு இருக்கிறது. அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. மேடைக்குப் பின்னால் இருக்கிற சுவர் வரைக்கும் எண்பது அடி, ஒரு இஞ்சு கூடவும் இல்லை குறையவும் இல்லை. என் துணி டேப்பால் அளந்திருந்தால் விடிந்திருக்கும். எங்கள் கம்பெனி டேப்புகள் பிறக்கும்போதே வயது மூன்று. நுனியில் இருக்கிற பித்தளைத் தகடு உறைத் துணியை இழுத்துவிடுகிறது என்று உங்கள் அண்ணன் ஒவ்வொரு டேப்பிலும் முதல் மூணு இஞ்சை வெட்டி எறிந்துவிடுவார். முப்பத்தொன்பது என்று காட்டினால் முப்பத்தாறு என்று நாங்களே கழித்துக்கொள்வோம். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் தைக்கிற உறையெல்லாம் மெத்தைக்குச் சட்டை மாதிரி தொளதொளவென்று நிற்கும்.

உங்கள் இடுப்புக்கு ஒரு மெத்தை தைத்து அனுப்பட்டுமா? கட்டில் அளவு மட்டும் போதும். இதோடு ஆறு தடவை கேட்டாயிற்று.

உங்கள் அண்ணி


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வீட்டில் வாய்விட்டுப் படித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் ஆரோக்கியத்துக்கு அதுவே சாட்சி.

மெத்தை வேண்டாம். பலகைதான் இடுப்புக்கு நல்லது என்று டாக்டர் சொல்கிறார்.

இன்னும் இரண்டு அளவுகள் தேவை. வெளியே பக்கவாட்டுச் சுவர் முழு நீளம், சுவரின் கனம். இன்னொன்று: பீடத்துக்குப் பின்னால் ஒரு திரை தொங்குமே, அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? என்னை அங்கே விட்டதில்லை. அப்பா திரைக்குள் போவார், கொஞ்ச நேரம் காணாமல் போவார், வரும்போது பதிவேட்டோடு வருவார். சின்ன வயதில் அதற்குள் ஒரு அறை இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டதா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

அங்கே எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் கொழுந்தன்


பிப்ரவரி 19

வாத்தியாருக்கு அண்ணி எழுதிக்கொள்வது,

சளி பிடித்து விட்டுவிட்டது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. பலகை நல்லது என்று சொன்னது எந்த டாக்டர்? தச்சராக இருப்பார், விசாரியுங்கள்.

‘எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்’ என்று எழுதியதை எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தி, ‘எழுதியிருக்கானா’ என்றார். ‘உங்க பேரு இல்ல, எல்லாருன்னுதான் இருக்கு’ என்றேன். ‘எல்லாருல நானும் உண்டுல்ல’ என்றார்.

திரைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பெண்கள் பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியைத் தாண்டினால் அப்போது பூமி பிளந்துவிடும். இப்போது கட்டிலைத் துடைக்கத் தினமும் தாண்டுகிறேன், ஒன்றும் பிளக்கவில்லை. அங்கே மொட்டைச் சுவர்தான். கம்பெனிக்காரர்கள் வந்தபோது முழுக்கப் பூசிவிட்டார்கள்.

வெளிச்சுவரை அளந்த கதையைக் கேளுங்கள். டிரைவர் டேப்போடு வெளியூர் டெலிவரிக்குப் போய்விட்டார். சரி என்று சாப்பாட்டு நேரத்தில் என் கழுத்து டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். அஞ்சடி டேப்பு. ஒரு முனையை வைக்கிறது, மறுமுனையில் சாக்கட்டியால் கோடு போடுகிறது, கோட்டிலிருந்து மறுபடி வைக்கிறது. தெருவில் போனவர்கள் எல்லாம் நின்றார்கள். எதிர்க்கடை சைக்கிள் ரிப்பேர்க்காரர் கேட்டார், ‘என்னக்கா, கோயிலுக்கு உறை தைக்கப் போறீங்களா?’ ‘ஆமா, உன் கடைக்கும் சேத்துத் தைக்கிறேன், மழை வந்தா ஒழுகாது’ என்றேன். இதில் எண்ணிக்கை மறந்து மறுபடி முதலிலிருந்து.

பதினேழு முழு டேப்பு, அதற்கு மேல் ஒரு துண்டு, அது நாற்பத்திரண்டு வரைக்கும் வந்தது. கூட்டிப் பார்த்தால் எண்பத்தெட்டரை அடி. சுவர் கனம் ஜன்னலில் பார்த்தேன். டிரைவர் திரும்பி வந்த பிறகு இரும்பு டேப்பு வைத்துப் பார்த்தது, ரெண்டு அடி.

கட்டில் அளவு என்ன? ஏழாவது தடவை.

உங்கள் அண்ணி


மார்ச் 1

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை, மன்னியுங்கள். இதைக் கவனமாகப் படியுங்கள்.

உள்ளே எண்பது அடி. முன்சுவர் இரண்டடி, பின்சுவர் இரண்டடி. ஆக வெளியே எண்பத்துநாலு அடிதான் இருக்க வேண்டும். நீங்கள் அளந்தது எண்பத்தெட்டரை. நாலரை அடி எங்கே போயிற்று அண்ணி?

நானாக நினைத்துக்கொண்டது இல்லை. திரைக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு அறை இருந்திருக்கிறது. அப்பா அதற்குள்தான் போய்வந்திருக்கிறார். பதிவேட்டைப் பத்திரமாக அங்கேயே வைத்துப் பூட்டியிருப்பார். இடம் மாறிய அவசரத்தில் யாரும் அவரைக் கேட்கவில்லை, பிறகு கம்பெனிக்காரர்கள் வாசலோடு சேர்த்துப் பூசிவிட்டார்கள். அப்பா எதையும் தொலைக்கவில்லை. எல்லாம் அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது.

முதலாளியிடம் கேளுங்கள். சுவரைத் திறக்கிற செலவு என்னுடையது. திறக்கிற அன்று நானே வருகிறேன்.

ஒன்பது வருஷமாக எனக்கு இருந்த பாரம் என்னவென்று இப்போதுதான் தெரிகிறது.

உங்கள் கொழுந்தன்


மார்ச் 9

தம்பிக்கு,

எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மூளைதான் எனக்குக் கொஞ்சம் சுற்றுகிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தச் சுவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தட்டிப் பார்க்கிறேன். ஒரு இடத்தில் தட்டினால் டொக் என்கிறது, இன்னொரு இடத்தில் டக் என்கிறது. எது நல்ல சத்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

முதலாளி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து முழுதும் கேட்டுவிட்டு, ‘புதையல் இருந்தா பாதி எனக்கு. பேய் இருந்தா முழுசா உங்களுக்கு’ என்றார். ஞாயிற்றுக்கிழமை அளந்து சரிபார்த்துக்கொண்டால் திங்கட்கிழமை மேஸ்திரியை விடுகிறேன் என்கிறார். மேடைக் கட்டிலுக்கு ஒரு கீறல் விழக்கூடாதாம்.

ஆனால் எனக்குப் புரியாதது உங்கள் அண்ணன்தான். நீங்கள் வருகிறீர்கள் என்று சொன்னதும் அடிக்கிற கோலைக் கீழே வைத்துவிட்டார்.

‘எத வச்சு அளந்த?’

‘டேப்பு வச்சுத்தான். முழம் போட்டா அளப்பாங்க?’

‘எந்த டேப்பு?’

கழுத்தில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். அதன் நுனியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். டேப்பைத் திருப்பி என் கழுத்திலேயே போட்டுவிட்டு, ‘வரட்டும்’ என்றார். கல்யாணத்தன்று மாலை போட்டபோதுகூட இவ்வளவு மெதுவாகப் போடவில்லை.

மறுநாள் போய் முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நீங்கள் வருகிற தேதிகூட இன்னும் முடிவாகவில்லை.

உங்கள் அண்ணி


மார்ச் 22

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம். ஏப்ரல் 18 ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தோதுப்படும். முதலாளியிடம் அந்தத் தேதியை உறுதி செய்யுங்கள். குழுவின் செயலாளருக்கும் எழுதிவிட்டேன், அந்த வரியைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை என்று.

அண்ணன் அந்தச் சுவரைப் பற்றி வேறு ஏதாவது சொன்னாரா? அவரை அப்பா திரைக்குப் பின்னால் விட்டிருக்கிறார். மூத்தவர். அங்கே அறை இருந்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.

பதிலை உடனே எதிர்பார்க்கிறேன்.

உங்கள் கொழுந்தன்


ஏப்ரல் 8

தம்பிக்கு அண்ணி எழுதிக்கொள்வது,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலை ஜாஸ்தி. ஒரு விடுதிக்கு நாற்பது தலையணை. மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை. எதிர்க்கடை ரிப்பேர்க்காரர் கடைக்கு நீலப் பெயின்ட் அடித்திருக்கிறார். நூல்கண்டுத் தொட்டிக்குள் எலி குட்டி போட்டிருந்தது, டிரைவர் அவற்றுக்கு ஞானஸ்நானம் செய்யலாமா என்று கேட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினார்.

போன வாரம் ஒரு மெத்தை உறை வெட்டிக்கொண்டிருந்தேன். டேப்பு வைத்து, முப்பத்தொன்பது, முப்பத்தாறு என்று சொல்லிக்கொண்டே வெட்டுகிறபோது கை அப்படியே நின்றுவிட்டது. ஏதோ ஞாபகம். அதைப் பிறகு எழுதுகிறேன். எழுதுகிற விஷயமா என்றும் தெரியவில்லை.

நீங்கள் கேட்டதை உங்கள் அண்ணனிடம் கேட்டேன். ‘அறை இருந்துச்சா?’ என்றேன். ‘வரட்டும், சொல்றேன்’ என்றார். ‘என்கிட்ட சொல்லக் கூடாதா’ என்றேன். ‘அவன்கிட்டதான் சொல்லணும்’ என்றார். இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். இந்த வீட்டில் நான்தான் அதிகம் பேசுகிறவள், நான்தான் ஒன்றும் தெரியாதவள்.

18ஆம் தேதி முதலாளிக்குச் சம்மதம். வருவீர்கள்தானே? எது எப்படி இருந்தாலும் வருவீர்கள்தானே?

உங்கள் அண்ணி


ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். 18ஆம் தேதி காலை வண்டியில் வருகிறேன். டிக்கெட் வாங்கிவிட்டேன். எது எப்படி இருந்தாலும்.

உங்கள் கொழுந்தன்


மே 2

வாத்தியார் தம்பிக்கு,

போய்ச் சேர்ந்த கார்டு வந்தது. வீட்டுக்குள் ஒரு சிரிப்பு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அது உங்களுடையதா உங்கள் அண்ணனுடையதா என்று தெரியாமல் நான் சோறு வடித்துக்கொண்டிருக்கிறேன். இருவருக்கும் ஒரே சிரிப்பு என்று எனக்கு மறந்தே போயிருந்தது.

முதலில் என் குற்றம். நாலரை அடி எங்கேயும் போகவில்லை தம்பி. என் கழுத்தில்தான் கிடந்தது. வெட்டின டேப்பு. மெத்தைக்கென்றால் மூணைக் கழித்துவிடுவேன், கை தானாகக் கழிக்கும். சுவருக்கு உறை தைக்கப் போகிறேனா என்ன, கழிக்கத் தோன்றவில்லை. அன்று உறை வெட்டும்போதுதான் உறைத்தது. ஓடிப் போய் உங்கள் அண்ணனிடம் சொன்னேன்.

‘ஐயோ, அந்த நாலரை அடி நம்ம டேப்புதாங்க.’

‘தெரியும்.’

‘எப்ப தெரியும்?’

‘நீ டேப்ப எடுத்துக் குடுத்த அன்னைக்கே.’

‘அப்ப ஏன் வரட்டும்னீங்க? அவரு நம்பிக்கிட்டு வந்து நிப்பாரே.’

‘எழுதாத’ என்றார். அவ்வளவுதான். ஒன்பது வருஷம் கழித்து ஒரு மனுஷனை இல்லாத அறைக்கு விருந்துக்குக் கூப்பிடுகிறோமே என்று இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். ஆனாலும் எழுதவில்லை. நீங்கள் வந்தால் போதும் என்று இருந்தது. திட்டுவதென்றால் இதற்கே திட்டிக்கொள்ளுங்கள், அடுத்ததற்கும் சேர்த்து.

அடுத்தது இது. அன்று நான் ஒட்டுக்கேட்டேன். டிரைவர் வைத்துவிட்டுப் போன இரும்பு டேப்பை எடுக்க உங்கள் அண்ணன் பில் பெட்டிக்குள் போனார். மேஜை டிராயரில் இருக்கிறதை எடுக்க இவ்வளவு நேரமா என்று நீங்கள் வலைப் பக்கம் போய்க் குனிந்து, ‘டேப்பு இல்லையா?’ என்று கேட்டீர்கள். அவர் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நான் நிறுத்தி வைத்திருந்த இரட்டை மெத்தைக்குப் பின்னால் நின்றேன். அதுதான் தப்பு, அந்த மெத்தை முக்கால்வாசியைக் குடித்துவிட்டது. ‘அன்னைக்கு மழைடா’ என்பது கேட்டது. ‘வண்டி’ கேட்டது. ‘சின்னவன்கிட்ட சொல்லாத’ என்பது கேட்டது, ஆனால் யார் யாரிடம் சொன்னது? நடுவில் ஒரு மூக்கு உறிஞ்சும் சத்தம், அது எந்தப் பக்கத்து மூக்கு என்றும் தெரியவில்லை. பழைய கோயிலாக இருந்திருந்தால் மூன்று தடவை கேட்டிருக்குமே.

பிறகு இருவரும் வெளியே வந்தீர்கள். கண்ணெல்லாம் சிவப்பு. ஒன்றும் நடக்காதது போல வெளிச்சுவருக்குப் போய் அளந்தீர்கள். உங்கள் அண்ணன் ஒரு முனை, நீங்கள் ஒரு முனை. ‘எண்பத்துநாலு, சரியா இருக்கு’ என்று நீங்கள் சொன்னது, சரியாக இருப்பதற்காகவே பிரயாணம் செய்து வந்த மாதிரி இருந்தது. நான் அழுவதா சிரிப்பதா என்று நின்றேன். முதலாளியிடம் மேஸ்திரி வேண்டாம் என்று சொல்லவும் என்னைத்தான் அனுப்பினீர்கள்.

இவரிடம் கேட்டால் பஞ்சைப் பார்க்கிறார். நீங்களாவது எழுதுங்கள். பாதி கேட்டவளுக்கு மீதி தெரியாவிட்டால் தூக்கம் எப்படி வரும், அதுவும் மெத்தைக் கம்பெனியில் இருந்துகொண்டு?

உங்கள் அண்ணி


மே 14

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அண்ணனும் சுகம் என்று நம்புகிறேன். அவர் இரண்டு வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

வண்டி ஏறும்போது அண்ணன், ‘அவகிட்ட நீயே எழுதிடு. எனக்கு வாய் வரல’ என்றார். ஆகவே எழுதுகிறேன்.

திரைக்குப் பின்னால் அறை எதுவும் இல்லை. ஒரு மர அலமாரி இருந்தது. இடம் மாறிய அன்று அலமாரியிலிருந்ததையெல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றிப் புதுக்கோயிலுக்குக் கொண்டுபோனவர் அண்ணன். அப்பா முன்னால் மணியைக் கொண்டுபோன ஆட்களோடு போய்விட்டார். வழியில் மழை. அண்ணன் வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு ஒரு கடையோரம் ஒதுங்கினார். மழை விட்டதும் வந்து பார்த்தால் மேலே இருந்த பதிவேடு கீழே ஓடுகிற தண்ணீரில் கிடந்தது. ‘எடுத்து விரிச்சேன்டா. மை எல்லாம் நீலத் தண்ணியா என் கையில ஓடிச்சு. ஒரு பேரு மிச்சமில்ல’ என்றார். அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அப்பா பார்த்துவிட்டு, ‘கேட்டா நான் தொலைச்சேன்னு சொல்லிக்கிறேன். நீ சின்னவன்கிட்ட சொல்லாத. அவன் மதிக்கிற ஒரே ஆளு நீதான்’ என்றாராம்.

உங்களுக்குக் கேட்டது அந்த வாக்கியம்தான் அண்ணி.

அப்பா போன பிறகு தினமும் அந்த மேடைப் பக்கம் ஒரு தடவையாவது போய் நிற்க வேண்டும் என்று அண்ணனுக்கு இருந்திருக்கிறது. ‘கோயில வித்துட்டாங்க. வேலைக்குச் சேராம வேற எப்படிடா உள்ள விடுவாங்க?’ என்று என்னைக் கேட்டார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். இத்தனை நாள் அவர் யோசிக்கவில்லை. நான் கேட்க நிற்கவில்லை. மூக்கு உறிஞ்சியது என் பக்கம்.

இப்போது என் குற்றம். உங்கள் ஏப்ரல் கடிதத்தில் கை நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். முப்பத்தொன்பது, முப்பத்தாறு என்று படித்ததும் ஜனவரிக் கடிதத்தையும் பிப்ரவரிக் கடிதத்தையும் தேடி எடுத்தேன். பதினேழு முழு டேப்பு, ஒரு துண்டு, பதினெட்டுத் தடவை. தடவைக்கு மூன்று அங்குலம். ஐம்பத்துநாலு அங்குலம் என்றால் நாலரை அடி. தாளை மடித்து வைத்தேன். அதற்குப் பிறகு போய்த்தான் டிக்கெட் வாங்கினேன்.

மூன்று பேருக்கும் தெரிந்த அளவை மூன்று பேரும் சேர்ந்து அளந்திருக்கிறோம்.

புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘இடம் மாறிய நாளில் பெய்த மழையில், கோயில்பிள்ளையின் மூத்த மகன் தள்ளிச் சென்ற வண்டியிலிருந்து ஞானஸ்நானப் பதிவேடு விழுந்து நனைந்து அழிந்தது. கோயில்பிள்ளை அந்தப் பழியைத் தாமே ஏற்றுக்கொண்டார்.’ மகனைப் பற்றி எழுதாமல் மழையை மட்டும் எழுதுகிறேன் என்று அண்ணனிடம் எவ்வளவோ சொன்னேன். ‘இத்தனை வருஷம் அப்பா பேருல கிடந்தது போதும். இனி என் பேருல கிடக்கட்டும்’ என்றார். செயலாளர் இது தேவையா, நீளமாக இருக்கிறதே என்கிறார். ‘உங்கள் வரியைவிட நீளம்தான், ஆனால் இது அளந்து எழுதியது’ என்று பதில் போட்டேன்.

என் கட்டில்: நீளம் எழுபத்தெட்டு, அகலம் நாற்பத்தெட்டு அங்குலம். முழு டேப்பில் அளந்தது. எதையும் கழிக்க வேண்டாம்.

உங்கள் கொழுந்தன்


ஜூன் 5

வாத்தியார் தம்பிக்கு அண்ணி எழுதிக்கொள்வது,

அந்த ஆள் நலம். இரண்டு வேளை இல்லை, மூன்று வேளை சாப்பிடுகிறார்.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். புத்தக வரி வந்ததும் மறுபடி படிக்கச் சொன்னார். ‘அப்பா கவனக்குறைவுன்னு எங்கயும் இல்லையே?’ என்றார். இல்லை என்றேன். ‘சரி’ என்று எழுந்து போனார். முப்பது வருஷமாக இந்த ‘சரி’யைக் கேட்கிறேன், அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் சரி என்று இருந்தது. பாவசங்கீர்த்தனம் கேட்க சாமியார் இல்லாத பெட்டியில் போய் அதைச் சொல்லி முடித்த மனுஷன், என்னிடம் சொல்ல மட்டும் தபால்காரரை நம்பியிருக்கிறார். இதை நான் சும்மா விடப்போவதில்லை, கவலைப்படாதீர்கள்.

மெத்தை நேற்று வண்டி ஏறிவிட்டது. பஞ்சு அடித்தது, உறை வெட்டியது, தைத்தது எல்லாம் அவரே. என்னை ஊசியில் நூல் கோக்க மட்டும் விட்டார். கடைக்குப் போய்ப் பித்தளை முனை வைத்த புது டேப்பு வாங்கிவந்து அதை வெட்டாமல் அளந்தார்.

வந்ததும் விரித்துப் பாருங்கள். குறைந்தால் எழுதுங்கள். நாலரை அடி கூடுதலாக இருந்தால் மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அந்த இடத்தில் படுக்க உங்கள் அண்ணன் அடுத்த மாதம் வருகிறார். டிக்கெட்டை அவரே போய் வாங்கிவந்துவிட்டார். எனக்கு வாங்கினாரா என்று இன்னும் சொல்லவில்லை.

உங்கள் அண்ணி